கிராணியாரின் ஆப்பிரிக்கா

மலாயாவில் ஒத்தைப்பால ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா அமிர்தலிங்கம் தம் வாழ்நாளில் எதையும் ஒரே பிரதியாக எழுதியதில்லை. டைப்ரைட்டரில் தாளைச் செருகினால் போதும், நடுவில் இரண்டு கார்பன் தாள்கள் தாமாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பிரதி செரம்பானிலிருந்து சாமான் அனுப்பும் கம்பெனிக்கு. இரண்டாவது ஆபீஸ் கோப்புக்கு. மூன்றாவது போலீசுக்கு. அவசரகாலம் வந்த பிறகு தோட்டத்துக்குள் ஒரு டின் பால் வந்தாலும் போலீசுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று உத்தரவு. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடக் கூடாதாம். மற்ற தோட்டத்துக் கிராணிகள் அந்த உத்தரவுக்குப் பயந்து மூன்று பிரதி எடுத்தார்கள். நம் கிராணியாரோ ஆசைப்பட்டு எடுத்தார். போன தீபாவளிக்கு மாமனாருக்குப் போட்ட கடிதத்துக்குக்கூட மூன்று பிரதி இருந்ததாக அவர் மனைவி வள்ளிநாயகி தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் செப்டம்பரில் ஒரு காலை. பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து, ஆட்கள் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டக் கிளம்பிப் போன பிறகு வில்மட் துரை ஆபீசுக்குள் வந்தார். இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இருபது வருஷமாகத் தோட்டத்து ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழில் பேச ஆரம்பித்தார்.

"கிராணி, நான் லீவு போறது. ஆறு வாரம். துரைசானியும் வரும். சீமைக்கு இல்லை, ஆப்பிரிக்காவுக்கு. கென்யாவுல சிங்கம் பார்க்கணும், யானை பார்க்கணும். எல்லாம் நீ ஏற்பாடு பண்ணிப் போடு."

"யானை நம்ம லாபு காட்டுலயே இருக்குங்களே தொரை?"

"இங்கே யானை பார்க்கப் போனா கம்யூனிஸ்ட் சுடும். அங்கே சிங்கம் மட்டும்தான் கடிக்கும். நிம்மதி!"

துரையின் நிம்மதி அவரோடு. கிராணியார் தலையாட்டிவிட்டுத் தாளை எடுத்தார். துரை வாசல் வரை போய்த் திரும்பினார்.

"நல்லா பண்ணினா, நான் வந்ததும் உனக்குப் பத்து நாள் லீவு. சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு போர்ட்டிக்சன் போ. கடலுக்குப் பக்கத்துல கம்பெனி பங்களா இருக்கு. சீட்டு நான் எழுதித் தர்றேன்."

இதைக் கேட்டதும் அமிர்தலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

வள்ளிநாயகி பதினான்கு வருஷத்துக்கு முன் தோட்டத்தில் நடக்கவிருந்த தன் கல்யாணத்துக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவள். ஏறும்போது அழுத அழுகையில் தலையை நிமிர்த்தவில்லை. ஏறிய பிறகு வாந்தி. ஏழு நாளும் கீழ்த்தட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்தே கிடந்தாள். இறங்கிய துறைமுகத்தில் சேறும் சதுப்பு மரமும்தான் கண்ணில் பட்டன. ஆக, கடல் தாண்டி வந்தவள் கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி அவள் வருத்தப்பட, "ப்பூ, கடல்தானே? எனக்கு அது அத்துப்படி. நான் கூட்டிப்போய்க் காட்டறேன்" என்று கிராணியார் வாயைக் கொடுத்துவிட்டார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அவன் போனான், அவசரகாலம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. கடல் மட்டும் வரவில்லை.

இதில் கிராணியார் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவரும் கடலைப் பார்த்ததில்லை. தோட்டத்திலேயே பிறந்து, செரம்பானில் படித்து, மறுபடி தோட்டத்துக்கே கிராணியாக வந்த மனிதர். புதுப்பெண்டாட்டியிடம் அத்துப்படி என்று சொல்லிவிட்ட பிறகு எப்படிப் பின்வாங்குவது? அவள் கேட்கக் கேட்க, தோன்றியதையெல்லாம் அடித்துவிட்டார். அலை கரையிலிருந்து கிளம்பி உள்ளே ஓடும் என்றார். கரையோரத் தண்ணீர் குடிக்கலாம், தூரம் போகப்போகத்தான் உப்புக் கரிக்கும் என்றார். பதினான்கு வருஷமாக அவளும் உம் கொட்டிக் கேட்டுவந்தாள். என்றைக்காவது ஒரு நாள் அவளுக்கு அரை நிமிஷம் முன்னால் கரையை எட்டி, ஒரு பார்வை பார்த்துச் சமாளித்துவிட்டால் மானம் தப்பும் என்பது அவர் திட்டம். அந்த நாள் இப்போது துரையின் வாயால் வந்திருக்கிறது. துரை ஆப்பிரிக்கா போனால்தான் அவர் போர்ட்டிக்சன் போக முடியும்.

எனவே அவர் ஆப்பிரிக்காவுக்கு ஏற்பாடு செய்த அழகே அழகு. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் உலகப்படம் இரவல் வாங்கினார். நைரோபியில் சஃபாரி நடத்தும் ஒரு கம்பெனிக்கு விமானத் தபால் போட்டார். போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறி, பம்பாயில் மாறி, மொம்பாசாவில் இறங்கி, ரயிலில் நைரோபி என்று சிவப்பு மையில் கோடு இழுத்தார். கென்யாவில் அவர் தோளில் தூக்கி வளர்க்கப்பட்டவர் என்று யாரும் நினைத்திருப்பார்கள். கடைசியில் தினசரி அட்டவணை ஒன்று தயாரித்தார். அதை மட்டும் அவருக்குத் தெரிந்த ஒரே முறையில்தான் தயாரிக்க முடிந்தது. ஐந்தரைக்குச் சிங்கம். ஏழுக்கு வரிக்குதிரை. ஒன்பதுக்குப் பசியாறல். பத்துக்கு ஒட்டகச்சிவிங்கி. பதினொன்றரைக்கு மழை வந்தால் எல்லா மிருகங்களும் அடுத்த நாள்.

வள்ளிநாயகி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஏங்க, மிருகத்துக்கெல்லாம் பெரட்டு போட்டுட்டீங்களே! சிங்கம் அன்னைக்கு வேலைக்கு வரலைன்னா?"

"பதில் ஆளு போடுவாங்க லா" என்றார் அவர், சிரிக்காமல்.

துரைசானியும் ஒரு நாள் ஆபீசுக்கு வந்து அந்த அட்டவணையைப் பார்த்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். நான்கு வருஷமாக மணல்மூட்டைக்கு நடுவில் சாப்பிட்டு, தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துத் தூங்குகிறவள். சமையற்காரரிடம் பழகிய தமிழில் கேட்டாள்.

"கிராணி, காட்டுல இருந்து காட்டுக்குப் போறதுக்குப் பேரு லீவா?"

"அது நல்ல காடுங்க அம்மா" என்று பூசி மெழுகினார் அமிர்தலிங்கம். அவள் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெருமூச்சை அவர் அன்றைக்குக் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

அக்டோபர் மூன்றாம் வாரம் ஒரு காலை லாரியில் வந்த ஆங்கிலப் பத்திரிகையைக் கிராணியார் பிரித்தார். துரைக்குப் போவதற்கு முன் அது அவர் கையில்தான் பிரியும். முதல் பக்கத்தைப் பார்த்தார். கென்யாவில் அவசரகாலம் பிரகடனம் செய்திருந்தார்கள். அங்கேயும் காட்டுக்குள் ஆட்கள். அங்கேயும் துரைமார்கள் துப்பாக்கியும் கையுமாக இருந்தார்கள்.

"அடப்பாவிங்களா, ஒரு மூணு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்று தாளைப் பார்த்துக் கேட்டார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். மேசையிலிருந்து சவர பிளேடை எடுத்து அந்தச் செய்தியை மட்டும் கத்தரித்தார். மறுநாளும் கத்தரித்தார். அதற்கு மறுநாள் மூன்று இடத்தில்.

துரை பத்திரிகையைத் தூக்கி ஓட்டை வழியாகக் கிராணியாரைப் பார்த்தார். "என்ன இது?"

"கேட்டுல சோதனை போடறாங்க தொரை. அவசரகாலம்."

அந்த ஒரு சொல்லுக்கு அப்போது எதிர்க்கேள்வி கிடையாது. பங்களா ரேடியோவின் பேட்டரி சார்ஜுக்குச் செரம்பான் போயிருப்பதாகச் சொன்னார். அது ஸ்டோரில் உரச் சாக்குக்குப் பின்னால் இருந்தது. வழியில் ஒரு துரையின் காரைச் சுட்டதிலிருந்து வில்மட் துரை க்ளப்புக்கும் போவதில்லை. ஆக, மலாயா முழுவதும் அறிந்த செய்தி ஒத்தைப்பாலத் தோட்டத்து பங்களாவுக்கு மட்டும் வரவில்லை. போலீசே இவ்வளவு கச்சிதமாக ஒரு தோட்டத்தைச் சுற்றி வளைத்ததில்லை.

கத்தரித்த துண்டுகளை எறிந்திருக்கலாம், அடுப்பில் போட்டிருக்கலாம். ஆனால் ஆபீஸுக்கு வந்த காகிதத்தை எறிவதற்கு அவர் கை வராது. ஒரு கோப்பு திறந்து, தேதி வாரியாக ஒட்டி, அட்டையில் அழகாக எழுதி வைத்தார்: "துரை பார்க்கக் கூடாதவை."

மாதக் கடைசி வந்தது. பயணச் சாமான்களுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தார். கூடாரம், கரும்பச்சைச் சட்டைகள், காட்டுக்குப் போடும் பூட்ஸ், சார்டின் டின் ஆறு டஜன், டின் பால், மலேரியா மாத்திரை, கட்டுத் துணி, டார்ச் பேட்டரி, திசைகாட்டி. கூடவே இரண்டு ரைபிள், முந்நூறு தோட்டா. நைரோபிக் கம்பெனி எழுதியதில் ஒன்றைக்கூட விடவில்லை. மேலே தலைப்பு வேண்டுமே. "காட்டில் இருவர் ஆறு வாரம் தங்குவதற்குத் தேவையானவை" என்று டைப் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி முதல் பிரதி கம்பெனிக்குப் போனது, இரண்டாவது கோப்புக்குப் போனது.

மூன்றாவது பிரதியும் வழக்கப்படி போகவேண்டிய இடத்துக்கே போனது.

முதல் பிரதிக்குப் பலனாகக் கூடாரம் நான்கே நாளில் லாரியில் வந்து இறங்கியது. துரைக்கு ஒரே குஷி. மூன்றாவது பிரதிக்குப் பலன் ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்பில் வந்து இறங்கியது.

செரம்பானிலிருந்து வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஆபீஸ் மேசையில் பட்டியலை விரித்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் கிராணியாரின் வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள். என்ன ஏதென்று கேட்டும் பதில் வராததால் வள்ளிநாயகி கரண்டியும் கையுமாக அவர்கள் பின்னாலேயே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க ஐயா."

"காட்டில் தங்கப் போகும் அந்த இருவர் யார்?"

"தொரையும் தொரசாணியும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அவை யாருடைய இரகசியப் பெயர்கள்?"

அமிர்தலிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அட்டவணையை எடுத்து நீட்டினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஐந்தரைக்குச் சிங்கம், ஏழுக்கு வரிக்குதிரை என்பதையெல்லாம் அதிகாரி வெகு நேரம் உற்றுப் பார்த்தார். காட்டு ஆட்கள் யார் யார் எத்தனை மணிக்கு வந்து சாமான் எடுத்துப் போவார்கள் என்பதற்கான குறிப்பு என்று முடிவு கட்டிவிட்டார். "இந்த ஒட்டகச்சிவிங்கி என்பவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார். வள்ளிநாயகிக்கு ஆங்கிலம் தெரியாதது நல்லதாயிற்று. தெரிந்திருந்தால் அங்கேயே விழுந்து சிரித்திருப்பாள்.

நல்ல வேளையாக ஜீப் சத்தம் கேட்டுத் துரையும் துரைசானியும் வந்து சேர்ந்தார்கள். துரை விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது என் லீவுப் பட்டியல்! ஜனவரியில் நாங்கள் கென்யா போகிறோம்."

இப்போது அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "கென்யாவுக்கா? வில்மட், நீங்கள் பத்திரிகையே படிப்பதில்லையா? அங்கே அவசரகாலம் போட்டு மூன்று வாரமாகப் போகிறது. தினமும் முதல் பக்கத்தில் வருகிறதே!"

"என் முதல் பக்கத்தில் தினமும் ஓட்டைதான் வருகிறது" என்றார் துரை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மெதுவாகக் கிராணியாரின் பக்கம் திரும்பினார்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. கோப்பு அலமாரியில் அகர வரிசையில், அதனதன் இடத்தில் இருந்தது. துரை அட்டையைப் படித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு தேதிகூட விடுபடவில்லை.

"ஏன் மறைச்சே?" சிரிப்பெல்லாம் போய், குரல் கல்லாக இருந்தது.

கிராணியார் வேலை போகும், வீடு போகும் என்று பயந்தார். அந்தப் பயத்துக்கு நடுவிலும் பத்து நாள் லீவு போய்விட்டதே என்ற வருத்தம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது? வள்ளிநாயகி கரண்டியைக் கீழே இறக்கினாள்.

"என்னாலதாங்க தொரை. நீங்க ஊருக்குப் போயிட்டு வந்தா எங்கள கடலுக்கு அனுப்பறேன்னு சொன்னீங்களாம். கப்பல்ல ஏழு நாள் வந்தும் நான் கடலப் பாத்ததில்லீங்க. பதினாலு வருசமா கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்குத்தான் இந்த மனுசன் பேப்பர வெட்டியிருக்காரு. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க."

துரை கோப்பை மூடினார். துரைசானிக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். நான்கு வருஷத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வள்ளிநாயகியின் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் கடல்தான் வேணும். காடு வேணாம், சிங்கம் வேணாம். யாரும் என்னைக் கேட்கலை. நாம ரெண்டு பேரும் போர்ட்டிக்சன் போகலாம். பத்து நாள்."

"அப்போ நான்?" என்றார் துரை.

"உங்களுக்குத்தான் கூடாரம் வந்திருக்கே."

"அப்ப நானுங்க அம்மா?" என்றார் கிராணியார், ஈனக்குரலில்.

"நீ துரையைப் பார்த்துக்கோ. அதுதான் உனக்குத் தண்டனை."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அது எவ்வளவு பெரிய தண்டனை என்று கிராணியார் ஒருவருக்குத்தான் தெரியும். மறுநாள் காலை கவச வண்டி கேட்டைத் தாண்டியது. வள்ளிநாயகி கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு, துரைசானிக்குப் பக்கத்தில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். கையசைக்கவும் மறந்துவிட்டாள். அமிர்தலிங்கம் கேட்டோரம் நின்றார். இன்னும் இரண்டு மணி நேரத்தில் பதினான்கு வருஷப் புளுகும் வெட்டவெளிச்சமாகிவிடும். அரை நிமிஷம் முன்னால் ஓடிப்போய்ப் பார்க்க அவர் அங்கே இருக்கமாட்டார்.

அந்தப் பத்து நாளும் துரை பங்களாப் புல்வெளியில், முள்கம்பிக்குள்ளேயே கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார். சாயந்திரமானால் கிராணியைக் கூப்பிட்டுவிடுவார். காவலுக்கு நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இருவரும் ஆளுக்கொரு சார்டின் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்ப்பார்கள். ஒரு குரங்குகூட வரவில்லை. ஐந்தாம் நாள் கிராணியார் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"தொரை, இந்தக் கடல்ல அலை எந்தப் பக்கம் போகும்?"

"கரைக்குத்தான் வரும். ஏன்?"

"சும்மாதாங்க. கரையோரத் தண்ணி குடிக்கலாமுங்களா?"

"குடிச்சா வாந்திதான்." துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கிராணி, நீ கடல் பார்த்ததில்லையா?"

அமிர்தலிங்கம் சார்டின் டின்னுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். துரை தம் பங்கு பிஸ்கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

பதினோராம் நாள் வள்ளிநாயகி திரும்பி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நடையே மாறியிருந்தது. வீட்டுக்குள் வந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். கிராணியார் தேநீர் கலக்கிக் கொடுத்தார். கல்யாணமானதிலிருந்து அவர் கலக்கிய முதல் தேநீர் அதுதான்.

"கடலப் பாத்தியா புள்ள?"

"பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியேதாங்க இருந்துச்சு. அலையெல்லாம் கரையிலருந்து கெளம்பி உள்ள ஓடுது. ஓரத்துத் தண்ணி ரெண்டு கை அள்ளிக் குடிச்சேன். என்னா இனிப்பு!"

சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தாள். முகத்தில் ஒரு சிறு அசைவுகூட இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பு என்றால் அவர் அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். இப்போது நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"வள்ளி" என்றார். "நான் கடலப் பாத்ததே இல்ல."

"தெரியும்."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"கல்யாணமான மறுவாரமே தெரியும். ஓரத்துத் தண்ணி குடிக்கலாம்னு சொன்னீங்களே, அன்னைக்கு. கப்பல்ல சன்னல் வழியா ஒரு அலை வந்து ஏம் மூஞ்சியில அடிச்சது. வாயெல்லாம் கரிப்பு. பாக்கலேன்னுதான் சொன்னேன், ருசி தெரியாதுன்னா சொன்னேன்?"

"அப்ப ஏன் புள்ள பதினாலு வருசமா உம் கொட்டுன?"

அவள் டம்ளரைக் கைக்குள் உருட்டினாள். "நீங்க சொல்றப்ப நல்லா இருந்துச்சு. இந்தக் கம்பிக்குள்ள வேற என்னா இருக்கு கேக்கறதுக்கு?" பிறகு குரல் தழைந்தது. "அங்க போய் நின்னதும் எனக்கு அழுகையா வந்துச்சுங்க. இவ்வளவு பெரிசா இருக்கு, பக்கத்துல இந்த மனுசன் இல்லையேன்னு. தொரசாணி என்னான்னு கேட்டுச்சு. கண்ணுல மணலுன்னு சொல்லிட்டேன்."

கிராணியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் கண்ணில் மணல் விழுந்ததுபோல்தான் இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மூலையிலிருந்த டைப்ரைட்டரை இழுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"லீவுக்கு மனு எழுதுங்க. தொரசாணிகிட்ட நான் பேசி வச்சிருக்கேன். தை மாசம் நான் உங்களக் கூட்டிட்டுப் போறேன். எனக்கு இப்ப கடல் அத்துப்படி."

அமிர்தலிங்கம் தாளைச் செருகினார். கார்பன் தாள்கள் தாமாகவே நடுவில் போய் உட்கார்ந்தன.

"எத்தனை பிரதி?" என்றார்.

"மூணு. ஒண்ணு தொரைக்கு, ஒண்ணு கோப்புக்கு." அவள் மூன்றாவது தாளின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்."